முதல் கரண்டிச் சோறு

தண்டாயுதபாணி வாத்தியார் இருவாச்சிப் பறவையை உயிரோடு பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். கல்லூரிப் பையன்களை வால்பாறைக்கு அழைத்துப் போனபோது, தேயிலைத் தோட்டத்துக்கு மேலே காட்டு ஓரமாக ஒரு ஜோடி பறந்து போனது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் பாதி போய்விட்டது, வாத்தியார் பார்த்தது வாலைத்தான் என்று பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பறவைக் குடும்பத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தது யார் என்று கேட்டால், நாமக்கல் சீமையில் மட்டுமல்ல, மதராசிலும் அவரளவுக்குச் சொல்லக்கூடிய ஆள் கிடையாது. அதை வைத்துத்தான் அவர் டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அது என்ன ஆராய்ச்சி என்று ஊருக்குப் புரியவைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விலங்கியல் நூல்களில் ஒவ்வொரு பறவைக் குடும்பத்தின் பெயருக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் பெயரும் ஓர் ஆண்டும் நிற்கும். முதலில் அச்சில் ஏற்றியவர் எவரோ அவருக்குத்தான் அந்த மரியாதை. பின்னால் வந்தவர் எத்தனை பெரிய ஆளானாலும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இருவாச்சிக் குடும்பத்தில் அந்த மரியாதை யாருக்குச் சேரும் என்பதில் பழைய நூல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வாத்தியார் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் எழுதிப் போட்டு, மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, 1815இல் இத்தாலிக்குக் கீழே ஒரு தீவில் அச்சான சின்னப் புத்தகம் வரைக்கும் போய்விட்டார். அதற்கு முன்னால் எவராவது இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் மிச்சம்.

"பறவைக்கெல்லாம் கூட்டம் இருக்குதுங்களா வாத்தியாரே?" என்று பெரிய பங்காளி செங்கோடன் ஒருநாள் கேட்டார். மல்லசமுத்திரத்தில் அவர்கள் வகையறாவுக்கு நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயிலிருந்துதான் முதல் வார்த்தை வரவேண்டும்.

"இருக்குதுங்கண்ணா. நம்மளுக்கு இருக்கற மாதிரியேதான்" என்றார் வாத்தியார். அந்த ஒரு பதிலில் ஊருக்கு அவருடைய ஆராய்ச்சி முழுவதும் புரிந்துபோனது.

அவர்களுடையது உள்ளான் கூட்டம். ஒரே பாட்டனின் ஆண்வழியில் வந்தவர்கள் எல்லாம் ஒரு கூட்டம். ஆண்கள் பங்காளிகள், பெண்கள் கூடப் பிறந்தவர்கள், உள்ளுக்குள் பெண் எடுப்பதோ கொடுப்பதோ கிடையாது. எடுத்தால் அது அண்ணன் தங்கையைக் கட்டின கதை. குளிர்காலத்தில் நெல்வயல் சேற்றில் வந்து மேய்கிற உள்ளான் குருவியை அவர்கள் அடிக்கவும் மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள். வீட்டில் காதுகுத்து விருந்து என்றால், பந்தியில் யாரும் கை வைப்பதற்கு முன்னால் முதல் கரண்டிச் சோற்றை ஓர் ஆமணக்கு இலையில் எடுத்துப் போய் ஈர வரப்பில் வைத்துவிட்டு வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கூட்டத்துக்கும் அந்த வழக்கம் இல்லை.

எழுபத்தெட்டாம் வருடம் ஆவணியில் வாத்தியாரின் ஒரே மகள் சௌந்திரத்துக்கும், வெண்ணந்தூர் வெள்ளியங்கிரியின் இளைய மகன் கந்தவேலுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். வெள்ளியங்கிரி குடும்பம் கதிரன் கூட்டம். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் காவிரிக்கு அக்கரையிலிருந்து வந்தவர்கள். கந்தவேல் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் பங்கு போட்டு, ஊர் ஊராகப் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போய், பிறகு பெரியவர்கள் முறைப்படி வந்து கேட்டு, கூட்டமும் கோயிலும் வேறு வேறு என்று சரிபார்த்து முடித்த சம்பந்தம் அது. தையில் முகூர்த்தம். சௌந்திரம் சேலம் கல்லூரியில் பி.ஏ. முடித்தவள், அதிகம் பேசாதவள். ரிக் வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று காதில் விழுந்தால், அட்லஸை எடுத்து அந்த ஊரைத் தேடிப் பென்சிலால் சுழித்து வைப்பாள். அவள் சந்தோஷம் அவ்வளவு தூரத்துக்கு வெளியே தெரிந்ததே பெரிய விஷயம்.

கார்த்திகையில் கந்தவேலின் அண்ணன் குழந்தைக்குக் காது குத்தினார்கள். சம்பந்தி என்ற முறையில் வாத்தியார் மனைவியோடு போயிருந்தார். பந்தி போடுகிற நேரத்தில் கை கழுவக் கொல்லைப்புறம் போனவர், கந்தவேலின் அம்மா மாரக்காள் சமையற்கட்டிலிருந்து ஆமணக்கு இலையில் சோற்றை ஏந்திக்கொண்டு வரப்பை நோக்கிப் போவதைப் பார்த்தார். அவள் குனிந்து இலையை ஈர மண்ணில் வைத்தாள், கும்பிட்டாள், திரும்பி நடந்தாள். வாத்தியார் நீர் சொட்டுகிற கையோடு அப்படியே நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மனைவி முத்தாயம்மாளிடம் சொன்னார்.

"சோறு வெச்சா வெச்சுட்டுப் போறாங்க, உங்களுக்கு என்னுங்க?" என்றாள் அவள். "நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? வாயை மூடிக்கிட்டு இருங்க. புள்ள மொகத்தப் பாத்தீங்களா, இல்லியா?"

பார்க்காமல் என்ன? பார்த்தார்தான். ஆனால் வாத்தியாருக்கு ஒரு சுபாவம் உண்டு: தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் நெஞ்சில் சோறு அடைத்த மாதிரி ஆகிவிடும். அதை அவர் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதில் பாதி கர்வம் என்று எடுத்துச் சொல்ல அவரைச் சுற்றி ஆள் இல்லை. இரண்டு பெயரில் திரிகிற ஒன்றைக் கண்டுபிடித்து, இது அதுதான் என்று நிலைநாட்டுவது அவர் தொழில். அதிலும் இது சொந்த மகளின் காரியம். அண்ணனுக்கே தங்கையைக் கொடுத்துவிடுவோமோ என்ற பயமும் நிஜமாகவே அவருக்கு இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதம்தான் ஆராய்ச்சியில் ஒரு பகுதியை எழுதி முடித்திருந்தார். அமெரிக்கக் காடுகளில் டூகான் என்று ஒரு பறவை. அதற்கும் இருவாச்சி மாதிரியே பெரிய அலகு. ஆதியில் எழுதியவர்கள் சிலர் அலகைப் பார்த்துவிட்டு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். உண்மையில் ஒன்றுக்கொன்று சொந்தமே கிடையாது. 'ஓர் அடையாளம் பொருந்துவதால் உறவு நிரூபணமாகிவிடாது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். கோடு போட்ட அதே கையோடுதான் வெண்ணந்தூருக்கு விசாரிக்கக் கிளம்பினார்.

விசாரணையில் ஒரு குறை சொல்ல முடியாது. வெள்ளியங்கிரியைக் கேட்டார். "எங்கய்யன் காலத்துலருந்தே வெக்கறமுங்க. எதுக்குன்னு தெரியாதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. அவர் தம்பியைக் கேட்டார், அண்ணன் மகனைக் கேட்டார். காவிரி தாண்டிப் போய் அவர்களுடைய பூர்வீக ஊரில் கிழவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அங்கே மிச்சமிருந்த கதிரன் கூட்டத்தாருக்கு இலையில் சோறு வைக்கிற வழக்கமே இல்லை என்று தெரிந்தது. அது அவருக்கு இன்னும் தோதாகப் போயிற்று. வெண்ணந்தூர்க்காரர்கள் கதிரன் கூட்டமே இல்லை, உள்ளான் கூட்டத்திலிருந்து பிரிந்து அக்கரை போய், அங்கே ஒதுங்கிய இடத்துப் பெயரைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டார். பெயர் மறைந்தாலும் வழக்கம் மறையவில்லை என்பது அவர் முடிவு. போன ஊரிலெல்லாம் சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள் பெண்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கூடப் போன செங்கோடனுக்கும் தோன்றவில்லை. கூட்டம் என்பது ஆண்வழி. அதைப் பெண்களிடம் போய் யாராவது கேட்பார்களா?

மார்கழியில் கோயில் வளவில் இரண்டு பக்கத்து ஆண்களும் கூடினார்கள். வாத்தியார் வகுப்பெடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். படித்தவர் சொல்கிறார், அதுவும் பெண்ணைப் பெற்றவரே சொல்கிறார், எதிர்த்துப் பேச அவரிடம் என்ன இருக்கிறது?

"அப்பறம் பேச என்ன இருக்குது? தெரியாமச் செஞ்சது தப்பில்ல, தெரிஞ்சு செஞ்சா குடி வெளங்காது" என்றார் செங்கோடன். "இன்னைலருந்து அவிய நம்ம பங்காளிங்க. நல்லது கெட்டதுக்கு மொறையாச் சேந்துக்கலாம்." பிறகு, ஓரமாக நின்ற கந்தவேலைப் பார்த்து, "வாத்தியாரு உனக்குப் பெரியப்பா மொறை. வந்து கும்பிட்டுக்க சாமி" என்றார்.

கந்தவேல் வந்தான். நான்கு மாதமாக மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகியவன். கும்பிட்டு, மாமா என்று சொல்லப் போனவன் நிறுத்திக்கொண்டான். இரண்டாம் தடவை, "வாரேனுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வளவை விட்டு வெளியே போனான். வாத்தியார் அவன் பின்னாலேயே வாசல் வரை நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். ஆனாலும் செய்தது சரி என்றுதான் நினைத்தார்.

சௌந்திரம் ஒரு கேள்வி கேட்டாள். "நல்லாப் பாத்தீங்களாங்கப்பா?"

"பாத்துட்டன் சாமி. சந்தேகமே இல்ல" என்றார்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பா சொன்னது தவறாகப் போனதை அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். மறுநாள் காலையிலும் ஊற்றிக்கொண்டாள். கூடப் பிறந்தவனை நினைத்துக்கொண்டிருந்தோம் என்ற அருவருப்பு அவளுக்கு. எத்தனை குளித்தாலும் போகவில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். முத்தாயம்மாள் அதைக் கணவரிடம் சொல்லி அழுதபோது, காலம் ஆற்றிவிடும் என்று அவர் சமாதானம் சொன்னார்.

காலம் ஒன்றையும் ஆற்றவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அண்ணனுக்கே நிச்சயமான பெண் என்று ஒரு பெயர் அவளுக்கு விழுந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். ஒரு ரெண்டாந்தாரச் சம்பந்தமும் அதே காரணத்தால் தட்டிப்போனது. வாத்தியாருக்கு எண்பத்தொன்றில் டாக்டர் பட்டம் கிடைத்தது. கல்லூரியில் மாலை போட்டார்கள். அந்தத் தீவுப் புத்தகத்துக்கு முன்னால் வேறு யாரும் இல்லை என்று அவர் எழுதியதைத் தேர்வாளர்கள் வாய் நிறையப் புகழ்ந்தார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தவருக்குச் சௌந்திரம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு இருபத்தைந்து வயது முடிந்திருந்தது.

கந்தவேல் வீட்டில் தங்குவதையே விட்டுவிட்டான். ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று திரிந்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான் என்று சொன்னார்கள். எண்பத்தைந்தாம் வருடம் மாசி மாதத்தில், எங்கோ வடக்கே ஒரு காட்டுக்குள் போர் போட்டுக்கொண்டிருந்தபோது, இரும்புக் குழாய் சங்கிலியிலிருந்து நழுவி அவன் மேல் விழுந்தது. லாரியில் போட்டு ஊருக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. முகத்தைத் திறக்காமல்தான் கிடத்தினார்கள்.

பங்காளி வீட்டுச் சாவு. உள்ளான் கூட்டத்தார் எல்லோரும் வெண்ணந்தூருக்குப் போனார்கள். முத்தாயம்மாள் மூட்டுவலி என்று சொல்லி வர மறுத்துவிட்டாள். வாத்தியாரும் சௌந்திரமும் போனார்கள். வாசலில் கால் வைத்ததும் ஒரு கிழவி, "கூடப் பொறந்த மொறையாவற புள்ளைங்க தலமாட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டு, சௌந்திரத்தின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போன கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் அழுகை எழுந்தது. அது தன் மகள் குரல் என்று வாத்தியாருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. இந்த ஆறு வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. பெண்கள் எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள். "சொந்தத் தங்கச்சி கூட இப்பிடி அழுவ மாட்டா" என்று யாரோ சொன்னார்கள். பங்காளி என்ற முறையில் வாத்தியார் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் மாரக்காள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று அவரைக் கூப்பிட்டாள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"ஏனுங்கண்ணா, ஒரு வார்த்தை" என்றாள்.

அண்ணா என்பது சம்பந்தியைக் கூப்பிடுகிற முறை. ஆறு வருடமாக அவரை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. வாத்தியார் அருகே போனார்.

"இன்னமே எனக்கு என்ன பயம், யாருக்குப் பயம்? சொல்லிப்போடறன்" என்றாள். "அந்த எலைச் சோறு இந்த ஊட்டு ஆம்பளைங்களோடது இல்லீங்க. எங்க மாமியாளோட மாமியாளுக்கு மாமியா ஒருத்தி. அவ உங்க உள்ளான் கூட்டத்துல பொறந்து இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. கொளந்தை தங்காம ரெண்டு மூணு போயிருச்சு. பொறந்தூட்டுக் குருவிக்குச் சோறு வெக்கறன்னு வேண்டிக்கிட்டா, அப்பறந்தான் தங்குச்சு. அதுலருந்து மருமகளுக்கு மருமக சொல்லிச் சொல்லி வெக்கறம். எங்க மாமியா சாவறப்ப எங்கையப் புடிச்சுச் சொல்லிட்டுத்தான் செத்தா. ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்? எலையப் போட்டா உக்காந்து திங்கத் தெரியும்."

வாத்தியார் கேட்டார்: "அப்பவே ஏம்மா சொல்லல?"

"ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னனுங்க. ஆம்பளைங்க பேசி முடிச்சாச்சு, நீ உள்ள போன்னாரு. பொஸ்தகம் படிச்சவரு நீங்க. பெத்த புள்ள கலியாணத்தையே நிறுத்தறாருன்னா விசயம் இல்லாமயா நிறுத்துவாருன்னு நானும் இருந்துட்டன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கணக்குப் பாத்தா உங்க கூட்டம் நாங்க பொண்ணு எடுக்கற ஊடுங்க. எடுக்கக் கூடாத ஊடு இல்ல. எம்மருமகளத்தான் நீங்க இன்னைக்குத் தங்கச்சின்னு கூட்டியாந்து உக்கார வெச்சீங்க."

மாரக்காள் திரும்பி நடந்தாள். நாலு எட்டு வைத்தவள் நின்று, "புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

அப்பனும் மகளும் பஸ் நிறுத்தத்தில் புளியமரத்தடியில் நின்றார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. சௌந்திரத்தின் முகம் வீங்கியிருந்தாலும், அதில் ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளே பேச்சை ஆரம்பித்தாள். "தாகமா இருக்குதுங்கப்பா, அந்தக் கடையில சோடா கெடைக்குமா?" என்று கேட்டாள். வாத்தியார் வாங்கிக் கொடுத்தார். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரக்காள் கடைசியாகச் சொன்னது அவர் காதிலேயே இருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் தவறென்று தெரிந்துவிட்ட ஒன்றை அப்படியே விட்டுவைப்பது அவரால் முடிகிற காரியமா? திருத்திச் சொல்லாவிட்டால் தன் மகளையே ஏமாற்றுகிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவளுக்கு நல்லது செய்வதாகவே அப்போதும் நினைத்தார் அந்த மனிதர்.

"சௌந்திரம், அவிய நம்ம பங்காளிங்க இல்ல சாமி" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வாக்கப்பட்டு வந்த பாட்டியை, வேண்டுதலை, மருமகளுக்கு மருமகள் கைமாறி வந்த சோற்றை, ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். "நாந்தான் தப்புப் பண்ணிட்டன். அவன் உனக்கு அண்ணன் இல்ல. கட்டிக்கற மொறைதான்."

சௌந்திரம் பாதி சோடா இருந்த பாட்டிலைக் கடைப் பலகையில் வைத்தாள். பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. இருவரும் ஏறவில்லை.

"ஆறு வருசமா அவிய பேரக்கூட நான் நெனச்சுப் பாக்கல" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நெனச்சாலே பாவம்னு இருந்தன். செத்துப்போனாருன்னு கேட்டப்பக்கூட அழுவல. இன்னைக்குத் தங்கச்சி மொறைன்னு தலமாட்டுல உக்கார வெச்சாங்க. பரவால்ல, தங்கச்சியாவே அழுதுட்டுப் போறன்னு அழுதன். கொஞ்சம் ஆறுச்சு."

வாத்தியார் மிச்சச் சோடாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இப்ப அதுவும் இல்லைங்கறீங்க" என்றாள் சௌந்திரம். "இன்னமே நான் அவியளுக்கு யாருன்னு சொல்லி அழுவறதுங்கப்பா?"